அல்லாதவற்றின் நூதனசாலை

நூல் வெளியீடு என்றால் நமது இதழ்களில் நாலு பக்கம் எழுதுகிறோம். ஒரு நூதனசாலையைப் பற்றி யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. நானும் எழுதியதில்லை. ஆசிரியராக இருந்த காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் பிள்ளைகளை எண்ணுவதிலேயே பொழுது போனது. கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால், அதைச் சுற்றி நின்ற நாற்பது தலைகளைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

ஆகவே இது ஒரு பழக்கமில்லாதவனின் விமர்சனம். மகளைப் பார்க்க ஜேர்மனிக்குப் போயிருந்த நேரம், ரயில் ஏறி சூரிச்சுக்குப் போனேன். அங்கே என் பழைய கூட்டாளி ஒருவன் இருக்கிறான். யாழ்ப்பாணத்தில் ஒன்றாகப் படித்தவன், சைவப் பிள்ளை. 1985இல் சுவிஸுக்கு வந்து, முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ஹோட்டல் குசினியில் நின்று, இப்போது பென்சனில் இருக்கிறான். மூன்று நாள் தங்கினேன். இரண்டாம் நாள், “எங்கயடாப்பா போவம்?” என்று கேட்டான். ரீட்பேர்க் நூதனசாலை என்றேன். அதன் பெயரை நான் வேறொரு தேவைக்காக வாசித்து வைத்திருந்தேன். அவன் சிரித்தான். “ஏழாம் நம்பர் ட்ராம் அதாலதான் போகும். எத்தனை வருஷம் அதில போய் வந்தனான். ஒருநாளும் இறங்கினதில்லை.”

இறங்கினால் முதலில் பூங்காதான். ரீட்டர் பூங்கா என்று பெயர். மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, வயசான பெருமரங்கள், மரங்களுக்கிடையில் தூரத்தே ஏரி. கட்டணம் கிடையாது, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களும் புல்லில் படுத்துக் கிடப்பவர்களும்தான். மேட்டின் மேல் வெள்ளையாக நிற்கும் மாளிகைக்கு வில்லா வேசென்டொங்க் என்று பெயர். ஒட்டோ வேசென்டொங்க் என்ற ஜேர்மன் பட்டு வியாபாரி 1850களில் கட்டியது. அவருடைய மனைவி மத்தில்டே கவிதை எழுதுவார். பக்கத்து வீட்டை இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னருக்குத் தங்கக் கொடுத்தார்கள். அவர் ஜேர்மனியில் கிளர்ச்சியில் சேர்ந்து தேடப்பட்டு ஓடி வந்தவர். இன்றைய பேச்சில் ஓர் அகதி. மத்தில்டேயின் கவிதைகள் ஐந்துக்கு மெட்டமைத்தார். அவர்களுக்கிடையே என்ன நடந்தது என்பது பற்றி ஐரோப்பியர் நிறைய எழுதியிருக்கிறார்கள். அது நமக்குத் தேவையில்லை. ஒரு பாடல் மட்டும் தேவை. கண்ணாடிக் கூடாரத்துக்குள் வளர்க்கப்படும் வெப்ப நாட்டுச் செடிகள் தங்கள் சொந்த மண்ணை நினைத்து ஏங்குவதுதான் அதன் பொருள். 2007இல் நூதனசாலையைப் பெரிதாக்கியபோது நிலத்துக்கு அடியில் மண்டபங்களைத் தோண்டி, வாசலுக்குப் பச்சைக் கண்ணாடியால் ஒரு கூடம் கட்டினார்கள். அதற்கு வைத்த ‘மரகதம்’ என்ற பெயர் அந்தப் பாடலிலிருந்து வந்ததுதான். கட்டியவர்கள் நிறத்தை நினைத்து வைத்தார்களோ, செடிகளையும் சேர்த்து நினைத்தார்களோ, உள்ளே போகிறவனுக்கு இரண்டும் பொருந்துகிறது.

வேசென்டொங்கிடமிருந்து மாளிகை ரீட்டர் என்ற தொழிலதிபர் குடும்பத்திடம் போனது. ஜேர்மன் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1912இல் சூரிச்சுக்கு வந்தபோது இங்கேதான் தங்கினார். 1945இல் நகரசபை பூங்காவை வாங்கியது. எடுவார்ட் வொன் டெர் ஹைட் என்ற வங்கியாளர் தன் சேகரிப்பை நகரத்துக்குக் கொடுக்க, 1952இல் நூதனசாலை திறக்கப்பட்டது. ஐரோப்பா அல்லாத கலைக்கென்று சுவிஸில் உள்ள ஒரே கலை நூதனசாலை என்று அதைச் சொல்கிறார்கள்.

என் விமர்சனம் அந்த ‘அல்லாத’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறது.

இந்தியச் சிலை, சீனத்துப் புத்தர், ஜப்பானிய முகமூடி, பெனின் வெண்கலம், பெருவின் மட்பாண்டம் எல்லாவற்றையும் ஒரு கூரையின் கீழ் சேர்த்து வைப்பது எது? அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. அவை எதுவல்ல என்பதுதான் உறவு. இந்த மாதிரியான பெயரை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பேச்சு தமிழ், ஆனால் தமிழர் அல்ல. நாடு இலங்கை, ஆனால் சிங்களவர் அல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாசித்தார், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இல்லையென்று மறுத்து எழுதினார். அன்று தொட்டு நம்மைப் பற்றிய ஆராய்ச்சியில் பாதி இந்த ‘அல்ல’வைச் சுற்றித்தான். நாமே நம்மைச் சொல்லும்போதும் அதைத்தான் முதலில் சொல்கிறோம். அதனால் அந்த நூதனசாலைக்குள் நுழையும்போது வேறெங்கோ வந்துவிட்ட உணர்வு எனக்கு வரவில்லை.

ஆனால் அந்தச் சொல்லைக்கூட அவர்கள் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை. வொன் டெர் ஹைட்டின் சேகரிப்பில் சுவிஸ் முகமூடிகளும் இருக்கின்றன. லொட்சென்டால் போன்ற மலைப் பள்ளத்தாக்குகளில், குளிர்காலம் முடியும் நேரத்தில், ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு இளைஞர்கள் அணியும் மர முகமூடிகள். அவை ஐரோப்பியப் பொருட்கள்தானே? இந்த வீட்டில் என்ன வேலை? மலைக் குடியானவன் செய்தது என்பதால் ஆபிரிக்க முகமூடிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. அப்போ கோடு ஐரோப்பாவின் எல்லையில் போடப்படவில்லை. சேகரிப்பவன் யார், சேகரிக்கப்படுபவன் யார் என்ற இடத்தில் போடப்பட்டிருக்கிறது. கலை எல்லாம் ஒன்றே என்பது வொன் டெர் ஹைட்டின் கொள்கை. நல்ல கொள்கைதான். எல்லாவற்றையும் வாங்கக் கூடியவனுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிவது இயல்பு.

வில்லாவின் அறைகளில் இந்தியப் பகுதி. சோழர் காலத்து நடராசர் அங்கே இருக்கிறார். நூதனசாலையின் பெருமைக்குரிய பொருட்களில் ஒன்று. கூட்டாளி என்னை விட்டுவிட்டு முன்னால் போனவன், அதைக் கண்டதும் நின்றுவிட்டான். கை பாதி எழும்பி, பிறகு ஜக்கெட் பொக்கற்றுக்குள் போனது. நான் கிட்டப் போனதும் மெதுவாகச் சொன்னான்: “கும்பிடுறதோ விடுறதோ தெரியேல்ல மச்சான். சாத்துப்படி ஒண்டும் இல்லாமப் பார்க்க ஒரு மாதிரிக் கிடக்கு.”

எனக்கு அது புதிது. கோயிலில் எழுந்தருளி விக்கிரகத்தைப் பட்டும் பூவும் மறைத்திருக்கும், முகம் மட்டும்தான் தெரியும் என்றான். உடலின் வளைவு, வீசிய கை, தூக்கிய பாதம் என்று கலை நூல்கள் வியந்து எழுதுவதையெல்லாம் கும்பிட வருகிறவன் முழுசாகப் பார்த்திருக்க மாட்டான். நூதனசாலை உடுப்பைக் களைந்துவிட்டுத்தான் அதைக் கலையாக்குகிறது.

நான் எப்படிப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சிலைக்கு முன்னால் ஒரு முஸ்லிம் எப்படி நிற்பது என்று எனக்குள் சின்ன வயதிலிருந்தே ஒரு கூச்சம் உண்டு. வாப்பா திருவிழா ஊர்வலம் வந்தால் கடைப் பலகையை மூடமாட்டார், ஆனால் முகத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். அந்தக் கூச்சம் ரீட்பேர்க்கில் வரவில்லை. கண்ணாடி, விளக்கு, இலக்கம், சின்ன அட்டை. யாரும் எதையும் வணங்கவில்லை. நான் நிம்மதியாக நின்று, சுற்றி நடந்து, முதுகுப் பக்கமும் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நடராசரை ரசித்தேன். அதே அறையில் என் கூட்டாளி எதையோ இழந்துகொண்டிருந்தான். அந்த அறை எனக்காகச் செய்யப்பட்டது, அவனுக்காக அல்ல. இதை ஒரு குறையாகச் சொல்வதா நிறையாகச் சொல்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கீழ் மண்டபங்களில் சீனமும் ஜப்பானும் ஆபிரிக்காவும். அங்கே நேரத்தை வீணாக்கினேன் என்றே சொல்வேன், கண் களைத்துவிட்டது. ஒரே நாளில் நாலு கண்டத்தைப் பார்க்க முடியாது. இப்படியான நூதனசாலைகள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் இது. பார்ப்பவனின் கால் வலியைப் பற்றி எந்த அட்டையும் சொல்வதில்லை.

நான் தேடிப் போனது இந்தியச் சிற்றோவியங்களை. இந்தத் துறையில் ரீட்பேர்க்குக்கு உலகப் பெயர் உண்டு. இஸ்லாமியக் கலை என்று நாம் எதிர்பார்ப்பது இங்கே ‘இந்தியா’வுக்குள் கரைந்து கிடக்கிறது, முகலாய அரண்மனையின் தாளும் மலைநாட்டு ராஜபுத்திரரின் தாளும் ஒரே பிரிவில். நமது இளைஞர் சிலருக்கு இது கோபத்தைத் தரலாம். எனக்குச் சரியாகவே பட்டது. ஹுமாயூன் நாடு கடந்து பாரசீகத்தில் இருந்து திரும்பும்போது மீர் சையித் அலி, அப்துஸ் ஸமத் என்ற இரு ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டார். அக்பரின் பட்டறையில் அவர்களின் கீழ் பஸாவன் போன்ற இந்து ஓவியர்கள் வளர்ந்தார்கள். அந்தத் தாளைக் கிழித்து இந்தப் பக்கம் இஸ்லாம், அந்தப் பக்கம் இந்தியா என்று வைக்க ஏலாது.

ஆய்வு செய்கிறவர்கள் ரீட்பேர்க்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. காங்ரா, குலேர் போன்ற மலைநாட்டு ஓவியங்களை நெடுங்காலம் பெயரற்றவை என்றே எழுதி வந்தார்கள். ஊர்ப் பெயரால், அரசன் பெயரால் பிரித்தார்கள். வரைந்தவனுக்குப் பெயர் இல்லை. பி.என். கோஸ்வாமி என்ற இந்திய அறிஞர் ஹரித்துவாருக்குப் போய், அங்குள்ள பண்டாக்களின் ஏடுகளைப் புரட்டினார். யாத்திரை வருகிறவர்கள் தங்கள் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் அந்த ஏடுகளில் பதிந்துவிட்டுப் போவார்கள். யாத்திரை வந்த ஓவியர்களும் பதிந்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு குடும்பமே எழும்பி வந்தது: பண்டிதர் சேவு, அவருடைய மக்கள் மானக்கு, நைன்சுக், அவர்களின் பிள்ளைகள். ஓவியப் பாணி அரண்மனைக்குச் சொந்தமல்ல, குடும்பத்துக்குச் சொந்தம் என்று 1968இல் கோஸ்வாமி எழுதினார். பிறகு அவரும் ரீட்பேர்க்கின் எபர்ஹார்ட் ஃபிஷரும் சேர்ந்து, அந்த ஓவியர்களைப் பெயர் சொல்லி ஒரு கண்காட்சி வைத்தார்கள். நூதனசாலை செய்த வேலைகளில் இதைவிடப் பெரியதாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை. கடவுச்சீட்டு இல்லாமல் இருந்த நாலு தலைமுறைக்கு ஒரு பழைய பதிவேட்டை வைத்துப் பெயர் கொடுத்தது.

அந்தக் கண்காட்சி நடந்த வருடம் 1990. சூரிச்சில் இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஓவியர்களின் பெயர்களைச் சுவரில் எழுதிக்கொண்டிருந்த அதே வருடம் ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்துச் சோனகர் தெருவில் எங்களுக்கு இரண்டு மணி நேரம் தரப்பட்டது. உடுத்த உடுப்போடு வெளியேறினோம். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. இந்த இதழின் வாசகர்களில் பலர் என்னோடு நடந்தவர்கள். நான் நினைத்தது பதிவேடுகளைத்தான். பள்ளிவாசலின் நிக்காஹ் புத்தகங்கள், சந்தா ஏடுகள், உம்மாமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள், கடைகளின் ஐந்தொகை. நமக்கொரு கோஸ்வாமி வந்தால் எந்த ஏட்டைப் புரட்டுவார்?

பத்தியக் கடையில் சாப்பிடுகிற மாதிரி ஒரு கோப்பியும் காய்ந்த பாணும் சாப்பிட்டுவிட்டு (விலையை எழுதினால் புத்தளத்தில் யாரும் நம்பமாட்டார்கள்), நூலகத்துக்குப் போனோம். வாக்னர் இருந்த வீட்டின் இடத்தில் பின்னால் எழும்பிய வில்லா ஷொன்பேர்க்கில் அது இருக்கிறது. நான் இந்த நூதனசாலையின் பெயரை முதலில் அறிந்ததற்குக் காரணமான நூல் அங்கே இருந்தது. 2010இல் இவர்கள் ‘இலங்கைத் தந்தங்கள்’ பற்றி வைத்த கண்காட்சியின் நூல். கோட்டை அரசு 1540களின் தொடக்கத்தில் லிஸ்பனுக்கு அனுப்பிய தந்தப் பேழைகளும், போர்த்துக்கல் அரசி கத்தரீனா சேர்த்த இலங்கைத் தந்தச் சாமான்களும் அதில் பேசப்படுகின்றன. கோட்டையின் இளவரசனை ஒரு பொற்சிலையாகச் செய்து அனுப்பி, போர்த்துக்கல் அரசன் கையால் அந்தச் சிலைக்கு முடிசூட்டுவித்த கதையைப் பேழையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அருமையான வேலைப்பாடு. ஆனால் போர்த்துக்கேயர் நம் முன்னோரின் கடல் வியாபாரத்தை நசுக்கிய காலமும் அதுதான். பேழையைப் பார்த்தால் அது தெரியாது. கப்பல் யாருடையது என்று எந்தப் பேழையும் சொல்வதில்லை.

கூட்டாளி தந்தத்தில் அக்கறை காட்டவில்லை. அவன் வேறொரு புத்தகத்தை எடுத்து ஜேர்மனில் வாசித்துக்கொண்டிருந்தான். பொருட்கள் எப்படி வந்தன என்பது பற்றி நூதனசாலை தானே செய்த ஆராய்ச்சி. வொன் டெர் ஹைட்டைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். 1933இலிருந்து 1939 வரை நாஜிக் கட்சி அங்கத்தவர். 1937இல் சுவிஸ் பிரஜை. போர்க்காலத்தில் ஜேர்மன் உளவுத் துறையின் பணத்தைக் கைமாற்றியதாக 1948இல் சுவிஸ் இராணுவ நீதிமன்றத்தில் நின்று, விடுதலையானவர். பெனின் பொருட்கள் பற்றியும் இப்படித்தான். 1897இல் பிரித்தானியப் படை பெனின் அரண்மனையைக் கொள்ளையடித்தது. ரீட்பேர்க் முன்நின்று எட்டு சுவிஸ் நூதனசாலைகளைச் சேர்த்து, நைஜீரிய ஆய்வாளர்களோடு 96 பொருட்களை ஆராய்ந்து, பாதிக்கு மேற்பட்டவை கொள்ளைப் பொருட்கள் அல்லது அப்படி இருக்கக்கூடியவை என்று 2023இல் அறிவித்தார்கள். இந்த நேர்மைக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒன்று கவனித்தேன். ஒரு பொருளின் வரலாறு என்று இவர்கள் எழுதுவது பெரும்பாலும் வாங்கியவர்களின் வரிசை. பரிஸ் வியாபாரி, பேர்லின் வியாபாரி, வொன் டெர் ஹைட், சூரிச். முதல் வாங்கியவனுக்கு முந்தி அதை வைத்திருந்தவனின் இடத்தில் ஒரு நாட்டின் பெயர்தான் இருக்கிறது.

அப்படி இல்லாத ஒரு பக்கத்தில்தான் கூட்டாளி நின்றிருந்தான். ஒப்பன்ஹைமர் என்ற யூதத் தம்பதி பேர்லினில் கலைப் பொருள் வியாபாரம் செய்தவர்கள். 1933இல் பிரான்சுக்குத் தப்பி ஓடினார்கள். அவர்களின் கடைச் சாமான்களை 1935இல் கட்டாய ஏலத்தில் விற்றார்கள். அதில் போன நாலு சீனப் பொருட்கள் வொன் டெர் ஹைட் வழியாக ரீட்பேர்க்குக்கு வந்திருந்தன. மனைவி அவுஷ்விட்ஸில் இறந்தார். நூதனசாலை வாரிசுகளைக் கண்டு பேசி, இழப்பீடு கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

அவன் வாசித்துச் சொல்லி முடித்தான். புத்தகத்தை மூடவில்லை.

“மச்சான், நீங்கள் போனாப் பிறகு உங்கட ஆக்களின்ட சாமானெல்லாம் வித்தவங்கள். தெரியுமோ?”

தெரியும் என்றேன்.

“எங்கட அக்கா வீட்டிலயும் ஒரு அலுமாரி கிடக்கு. அப்ப வேண்டினது. நான் இஞ்ச இருந்து அனுப்பின காசுதான்.”

எத்தனை வருடக் கூட்டாளி. அவன் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். நோன்புக் கஞ்சிக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். முப்பது வருடத்துக்கு மேல் டெலிபோனில் பேசியிருக்கிறோம். இதை ஒருநாளும் சொன்னதில்லை. நானும் அப்படி ஒன்றைக் கேட்க நினைத்ததில்லை. யாருடையது என்று தெரியுமா என்றேன். “ஒரு துண்டும் இல்ல. இலக்கம் போட்டு வரிசையா வச்சிருந்தவங்களாம்.”

அந்த இடத்தில் நான் நூதனசாலையைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பூங்காவுக்குள் நடந்து ட்ராமுக்கு வந்தோம். அதிகம் பேசவில்லை.

அன்றிரவு அவன் அக்காவுக்கு எடுத்திருக்கிறான். மறுநாள் காலையில் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். அலுமாரியின் வலக் கதவு, உட்பக்கம். தேக்குப் பலகையில் பென்சிலால் ஆறு வரி. “அரபில ஏதோ எழுதியிருக்கு எண்டு அக்கா எப்பவும் சொல்லுவா. ஓத வேண்டிய ஏதோ எண்டு நினைச்சு அழிக்காமல் விட்டவவாம்.”

அரபு எழுத்துத்தான், ஓதுவதற்கானது அல்ல. அரபுத்தமிழ். பிள்ளைகள் பிறந்த நாளும் நேரமும். ஐந்து பிறப்பு, மூன்றாவது பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மவுத். முதல் பிறப்பு ஹிஜ்ரி 1371 ரஜபில். கடைசிப் பிறப்பு 1384 ஷவ்வாலில், வெள்ளி இரவு. பெயர்கள் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தார் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் இங்கே அவற்றை அச்சிடவில்லை. திகதிகளைப் பார்த்து இது எங்கள் வீட்டு அலுமாரி என்று அடையாளம் காண்பவர்கள் இதழ் ஆசிரியருக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும். பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதவும். அலுமாரி நல்லூர்ப் பக்கம் இருக்கிறது. கொடுக்கத் தயார் என்று அக்கா சொல்லியிருக்கிறா. அதுவரைக்கும் கதவின் உட்பக்கத்துக்குப் பொலிஷ் அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பியிருக்கிறேன்.